ஒயர்ச் சிக்கும் தீரும், குழந்தையும் பத்திரம்!

வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது டி.வி.க்குப் பக்கத்தில் வீடியோ கேம் பெட்டியும் இடம் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டு. பெரியவனுக்கு பிளேஸ்டேஷன் 5. சின்னவனுக்குக் கையில் பிடித்து ஆடும் நின்டெண்டோ ஸ்விட்ச். விளையாட்டுச் சாமான்தான், ஆனால் மிக்ஸி, கிரைண்டர் மாதிரி அதுவும் மின்சார சாமான் அல்லவா?

போன பொங்கலுக்கு என் நாத்தனார் ஒன்றரை வயதுப் பெண்ணோடு வந்திருந்தார். குழந்தையின் கண்ணில் முதலில் பட்டது ஸ்டாண்டிலிருந்து தொங்கிய ஒயர்தான். ஒரே இழுப்பு! பெட்டி விளிம்புக்கே வந்துவிட்டது. நல்லவேளை, பெரியவன் பாய்ந்து பிடித்தான். 2020-ல் வந்த, டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-ன் எடை 4.5 கிலோ. அது குழந்தை தலையில் விழுந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றி வைத்தோம். செய்ததைச் சொல்கிறேன்.

தொங்கக் கூடாது

பெட்டியை ஸ்டாண்டின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். ஒயர்களை ஸ்டாண்டின் பின்பக்கமாக இறக்கி, வெல்க்ரோ பட்டையால் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்க வேண்டாம். எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டிவிடலாம். அதே பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியைச் செருகாதீர்கள்.

மூச்சு விட இடம்

இந்தப் பெட்டி சூட்டைக் காற்றாக வெளியே தள்ளும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கதவு மூடிய ஷோகேஸுக்குள் வைத்து ஆட விடாதீர்கள். மிக்ஸிக்கு உறை தைத்த கை சும்மா இருக்குமா? தையுங்கள், ஆனால் பெட்டியை முழுக்க அணைத்து, சூடு ஆறிய பிறகுதான் போட வேண்டும். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது தூங்குகிறது, அணையவில்லை என்று அர்த்தம். அப்போது பிளக்கையும் பிடுங்கக் கூடாது.

கதகதப்பான இடம் கரப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் முறுக்கு, சிப்ஸ் வேண்டாம். பூச்சி மருந்தைப் பெட்டி மேல் அடிக்கவும் வேண்டாம்.

ஒயருக்கும் பெயர்

ஒயரைக் கன்ட்ரோலர் மேல் இறுக்கிச் சுற்றினால் பிளக் ஓரத்தில் விட்டுப்போகும். உள்ளங்கை அகல வளையமாகத் தளர்வாகச் சுற்றி, பழைய ரிப்பனால் முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, 'டி.வி.', 'சார்ஜர்' என்று எழுதிவிட்டால் தேடுகிற வேலை மிச்சம்.

வாயில் போகும் சாமான்

ஸ்விட்சின் கேம் கார்டு தபால் தலை அளவுதான். குழந்தைகள் வாயில் போடாதிருக்க அதன்மேல் கசப்பு மருந்து பூசித்தான் விற்கிறார்கள். ஆனாலும் கசப்பை நம்பி இருக்க முடியுமா? மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு மேல் தட்டில் வையுங்கள்.

அதைவிட ஆபத்து, அலங்கார விளக்கின் குட்டி ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பரீட்சை நேரத்தில்

எடுத்து வைக்கும்போது தூசி தட்டி, வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைத்துப் பரண் மேல் ஏற்றலாம். அந்துருண்டை போடாதீர்கள், குழந்தை மிட்டாய் என்று நினைத்துவிடும். ஸ்விட்சை மட்டும் 6 மாதத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் செய்யுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜே ஏறாமல் போகலாம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல், குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

இத்தனையும் அம்மா தலையில்தானா? ஆட்டம் முடிந்ததும் ஒயரைச் சுற்றி, கார்டை டப்பாவில் போட்ட பிறகுதான் டிபன் என்று எங்கள் வீட்டில் சட்டம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது சின்னவன்தான் அண்ணனை விரட்டுகிறான்!