பழைய கணிப்பொறியா? புதிய கணிப்பொறியா?

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என்னும் ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்கு வகுத்த அம்முறை, இருபதாயிரம் ரூபாயுடன் கணிப்பொறி வாங்கப் புறப்படும் எளிய குடும்பத்திற்கும் பொருந்தும் என்பதை ஒரு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது.

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த மாணவி ஒருவர் முதுகலைத் தமிழ் பயின்றார். தம் ஆய்வேட்டைக் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து வந்தார். அடிக்குறிப்பும் பக்க எண்ணும் இட இயலாமல் அவர் பட்ட இடர்ப்பாட்டைக் கண்ட தாயார், சீட்டுப் பணம் இருபதாயிரத்தை எடுத்துக் கொடுத்து, மகளும் பள்ளியில் படிக்கும் மகனுமாகச் சேர்ந்து ஒரு கணிப்பொறி வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு கடையில் பழையது ஒன்பதாயிரம் ரூபாய். வேறொரு கடையில் புதியது பத்தொன்பதாயிரம் ரூபாய். "எதை வாங்கலாம், ஐயா?" என்று அம்மாணவி என்னிடம் வந்து கேட்டார். தவறினால் மறுமுறை வாங்க அவ்வீட்டில் பணமில்லை. ஆகவே துறை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே விடை கூறினேன். அவ்விடையின் விரிவே இக்கட்டுரை.

பழையது எங்கிருந்து வருகிறது?

பழைய கணிப்பொறி என்றதும் பழுதான கணிப்பொறி என்று கருதிவிடுகிறோம். பெரிய நிறுவனங்கள் தம் அலுவலகக் கணிப்பொறிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகின்றன. டெல், எச்.பி., லெனோவோ முதலிய நிறுவனங்கள் அலுவலகப் பயன்பாட்டிற்கென உறுதியாகச் செய்த மேசைக் கணிப்பொறிகள் இவ்வாறு சந்தைக்கு வருகின்றன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களிலிருந்து சிறுநகரக் கடைகள் இவற்றை வாங்கித் துடைத்துச் செப்பனிட்டு விற்கின்றன. முதுகுன்றம், பழமலை என்று பழமையையே பெயராகக் கொண்ட விருத்தாசலத்தின் பக்கத்தில் வாழ்வோர் பழையது என்றவுடன் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. ஆயின் எவ்வளவு பழையது என்பதைக் கட்டாயம் கேட்டறிதல் வேண்டும்.

வலியறிதல்

கடைக்காரர் அம்மாணவியிடம் அது "ஐ5" கணிப்பொறி என்று கூறியிருந்தார். ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் நுண்செயலி வரிசை ஒன்றின் பெயர். அப்பெயர் ஒரு குடிப்பெயரைப் போன்றது. பாட்டனுக்கும் பேரனுக்கும் அதுவே பெயர். அதன் பின்வரும் எண்ணே தலைமுறையைக் காட்டும். ஐ5-2400 என்பதில் முதல் இலக்கம் இரண்டு. ஆகவே அது 2011 இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஐ5-6500 என்பது 2015 இல் வந்த ஆறாம் தலைமுறை. ஐ5-8500 என்பது 2018 இல் வந்த எட்டாம் தலைமுறை. பத்தாம் தலைமுறை முதல் எண் ஐந்து இலக்கமாகி, முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் குறித்தன. ஒன்பதாயிரம் ரூபாய்க் கணிப்பொறி ஐ5-2400 என்று தெரியவந்தது.

அவ்வாறாயின் புதியதே நன்றோ எனின், அதிலும் ஆராய வேண்டியதுண்டு. அதிலிருந்த செலரான் என்4020 என்னும் நுண்செயலிக்கு உட்கருக்கள் இரண்டே. ஐ5-8500 க்கு உட்கருக்கள் ஆறு. புதிதாக வந்ததாலேயே ஒன்று வலிமை உடையதாகிவிடாது. மலிவு விலைக்கென்றே செய்யப்பட்ட புதிய பொறியை, உயர்ந்த விலைக்கெனச் செய்யப்பட்ட பழைய பொறி விரைவில் விஞ்சுவது இயல்பு. 2023 இல் வந்த இன்டெல் என்100 நான்கு உட்கருக்கள் உடையது. ஏறத்தாழ ஐ5-6500 க்கு நிகராக உழைக்கும். புதியதே வேண்டுவோர் செலரானைத் தவிர்த்து இத்தகையதைத் தேடலாம்.

ராம் எனப்படும் நினைவகம் எட்டு ஜி.பி. இருத்தல் நலம். நான்கு ஜி.பி. என்பது விண்டோஸ் 11 இயங்குவதற்கான குறைந்த அளவே அன்றி நிறைவான அளவு அன்று. சுழலும் ஹார்டு டிஸ்கிற்கு மாறாக எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் இருப்பின், பழைய கணிப்பொறியும் புத்துயிர் பெற்றதுபோல் விரைந்து திறக்கும்.

காலமறிதல்

கணிப்பொறியின் ஆயுள் அதன் இரும்பில் மட்டும் இல்லை. அதை இயக்கும் மென்பொருளிலும் உள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட விண்டோஸ் 10 க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்க, இன்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். எனவே விண்டோஸ் விரும்புவோர்க்கு எட்டாம் தலைமுறையே எல்லைக்கோடு.

அதற்கு முந்திய கணிப்பொறிகள் குப்பை என்பது பொருளன்று. உபுண்டு, லினக்ஸ் மின்ட், நம் நாட்டு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்கள் அவற்றில் இயங்கும். லிபர் ஆபீஸ் என்னும் மென்பொருளில் ஆய்வேட்டை விலையின்றித் தட்டச்சு செய்யலாம். 1999 இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் ஒருங்குறி எழுத்துருவும் இரண்டு வகை இயங்குதளங்களிலும் கிடைக்கின்றன.

இடனறிதல்

ஊரக வீட்டில் மின்தடை உண்டு. மேசைக் கணிப்பொறிக்குத் தனி மின்கலம் இல்லையாதலால், யு.பி.எஸ். விலையையும் முதலிலேயே கணக்கிட வேண்டும். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை சொன்ன விலையில் அடங்குமா என்றும் கேட்க வேண்டும்.

பழையது மின்சாரத்தை விழுங்கும் என்பர். புதியதைவிட 30 வாட்டு கூடுதலாகக் கொள்கிறது எனவும், நாள்தோறும் ஐந்து மணி நேரமாக ஆண்டில் 300 நாள் இயங்குகிறது எனவும் கொண்டால், கூடுதல் செலவு 45 யூனிட். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என வைத்தாலும் ஆண்டுக்கு 225 ரூபாயே. வீட்டுக்கு இது பெரிதன்று. நாள் முழுதும் பல பொறிகளை இயக்கும் தட்டச்சு நிலையத்திற்கோ இக்கணக்கு மாறும்.

உலகையும் ஓர் இடமாகக் கருதினால் மற்றொரு கணக்குண்டு. அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரையுடன் கூடிய ஒரு மேசைக் கணிப்பொறியைச் செய்ய 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ வேதிப்பொருளும் 1,500 கிலோ நீரும் செலவாயின என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004 இல் எடுத்துரைத்தது. செய்துவிட்ட பொருளை இன்னும் சில ஆண்டுகள் பயன்கொள்வது சிக்கனம் மட்டுமன்று, அறமும் ஆகும்.

தெரிந்து தெளிதல்

பீங்கான் பாத்திரத்தை நாம் தட்டி ஓசை கேட்டே வாங்குகிறோம். கணிப்பொறியையும் அவ்வாறு தட்டிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். கடையிலேயே அரைமணி நேரம் இயக்குக. நுண்செயலியின் முழு எண்ணைத் திரையில் காண்க. கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்னும் இலவச மென்பொருளால் சேமிப்பகத்தின் நலத்தையும் அது உழைத்த மணிக்கணக்கையும் அறிக. மின்னிணைப்பை நீக்கி மீண்டும் இயக்கும்போது நாளும் நேரமும் பிறழ்ந்தால் உள்ளிருக்கும் சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்தது என்க; அது எளிய குறை. மூடியைத் திறந்து, தாய்ப்பலகையில் உப்பிய மின்தேக்கிகள் தென்பட்டால் அதை விட்டு விலகுக.

விற்கும் பொருளின் குறையை மறையாது எடுத்துச் சொல்லி விற்பதே நேர்மையான வாணிகம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்நெறி நிற்கும் வணிகர் பட்டியல் தரத் தயங்கார். நுண்செயலி எண், நினைவக அளவு, பொறுப்புறுதிக் காலம் ஆகிய மூன்றும் எழுதப்பட்ட பட்டியலின்றிப் பழையதை வாங்கலாகாது. தவணையில் புதியது வாங்குவோர், வட்டியில்லை என்னும் சொல்லோடு நின்றுவிடாமல் மொத்தம் எவ்வளவு செலுத்துகிறோம் என்பதைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

முடிபு

அம்மாணவி இரண்டு கடைகளையும் விட்டு, மூன்றாம் கடையில் ஐ5-8500, எட்டு ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி. உடைய பழைய கணிப்பொறியை விசைப்பலகை, சுட்டியுடன் 14,000 ரூபாய்க்கு வாங்கினார். பழைய திரைக்கு 3,000, யு.பி.எஸ்.க்கு 2,500 எனச் செலவு 19,500 ஆயிற்று. எஞ்சிய ஐந்நூறு ரூபாயில் ஆய்வேட்டைப் படியெடுத்து வைக்க ஒரு பென் டிரைவ் வாங்கச் சொன்னேன். மூன்றாம் மாதத்தில் மின்வழங்கி பழுதாயிற்று. ஆறு மாதப் பொறுப்புறுதி பட்டியலில் எழுதப்பட்டிருந்ததால் கடைக்காரர் விலையின்றி மாற்றித் தந்தார். இடைப்பட்ட நான்கு நாள்களில் பென் டிரைவில் இருந்த படியைக்கொண்டு கல்லூரிக் கணிப்பொறியில் ஆய்வேட்டுப் பணி தொடர்ந்தது.

அருகில் பழுது பார்ப்போர் இல்லாதவரும், திறந்து பார்த்துத் தெளியும் துணை இல்லாதவரும் பொறுப்புறுதியுள்ள புதியதையே நாடுவது தக்கது. துணை உடையவர்க்கு, எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பழையதே மிகுந்த பயன் தரும். எதுவாயினும் பெயரை நம்பாது எண்ணைக் கேட்டு வாங்குக. ஒரு தாயின் சீட்டுப் பணம் வீணாகாமல் இருக்க அவ்வொரு கேள்வி பெருந்துணையாகும்.