துருப்பிடித்த ஜீப்பும் சுண்ணக்கட்டியும்

மழைக்காலம் முடிந்த கையோடு, மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவிலே காப்பியும் மிளகும் பயிரிடும் முதியவர் ஒருவரின் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். பயிரைப் பார்ப்பதே நம் நோக்கம். ஆனால் நம் கருத்தைக் கவர்ந்ததோ, தகரக் கொட்டகையின் மூலையில் சாக்குகளின் நடுவே நின்றிருந்த ஒரு பழைய ஜீப். அவருடைய தந்தையார் காலத்து வண்டி. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மூட்டை ஏற்றும்போது தளத்தகடு பொத்துப்போய், மேலே நின்ற பேரனின் கால் முழங்கால் வரை கீழே இறங்கிவிட்டதாம். காயம் பெரிதன்று, எனினும் வண்டி அன்றே நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் மூட்டைகள் யாவும் தலைச்சுமையாகவே மலையிறங்கின. கூலியும் ஏறிற்று, நாளும் வீணாயிற்று.

பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து எடைக்கு விலை பேசிச் சென்றிருந்தார். “முழுப் பாடியையும் புதிதாகப் போட்டுவிடலாம், தாத்தா” என்பது பேரனின் கட்சி. “நல்ல இரும்பை எறிவது பாவம், தம்பி, ஒட்டுப் போட்டால் போதும்” என்பது பெரியவரின் கட்சி. இருவரும் நம் முகத்தைப் பார்த்தனர். அதற்கு விடை தேடிப் பட்டறை சென்று, கேட்டும் கண்டும் அறிந்தவற்றை அன்பர்களுக்கு இங்கே எடுத்துரைக்கின்றோம். மலைத்தோட்டம் உடைய நம் அங்கத்தினர் பலரிடம் இத்தகைய வண்டி இன்றும் இருப்பதால், இது அவர்களுக்குப் பயன்படக்கூடும்.

வண்டியின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்காக 1941-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் அதே வண்டி உழவருக்கும் தோட்டக்காரருக்கும் உரியதாக உருமாறிற்று. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினர். 1953-இல் வெளிவந்த சி.ஜே. 3பி என்னும் வகை, எஞ்சின் உயரமானது என்பதால் முகப்பும் உயர்ந்து காணப்படும். அமெரிக்காவில் 1968-இல் அதன் உற்பத்தி நின்றது. இந்தியாவிலோ அதற்குப் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. பெரியவரின் வண்டி இவ்வகையைச் சேர்ந்ததே.

இதன் அமைப்பில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சக்கரமும் எஞ்சினும் தாங்கி நிற்பது சேஸிஸ் என்னும் அடிச்சட்டம். பாடி என்பது அதன் மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்ட ஒரு தொட்டியே. இடையில் மெத்தென்ற திண்டுகள் இருக்கும். ஆகவே போல்ட்டுகளைக் கழற்றி, கம்பிகளையும் குழாய்களையும் விடுவித்தால், நால்வர் சேர்ந்து பாடியைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். பழைய ஜீப்புகள் மீண்டும் மீண்டும் உயிர்பெறுவதற்கு இவ்வெளிய அமைப்பே காரணம்.

துரு தொடங்கும் இடம்

இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுகூடினால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் அது விரைந்து பரவும். கடலோரத்தாருக்கு மட்டுமே உப்பினால் கேடு என்று எண்ணிவிடலாகாது. பொட்டாஷ் உரமும் அம்மோனியம் சல்பேட்டும் உப்பு வகைகளே. உரமூட்டை கிழிந்து சிந்தியதைக் கழுவாமல் விட்டால், மழையீரத்தில் கரைந்து தகட்டின் இடுக்குகளில் தங்கி, ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும்.

தளத்தகட்டின் அடியில், அதைத் தாங்குவதற்காகத் தொப்பியைக் கவிழ்த்தாற்போன்ற வடிவில் குறுக்குச் சட்டங்கள் பற்றவைக்கப்பட்டுள்ளன. போர்க்கால ஜீப்புகளில் இவற்றின் உள்ளே மரத்துண்டுகளையும் வைத்திருந்தனர். மரம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள, சட்டமும் தகடும் உள்ளிருந்தே அரிக்கப்பட்டன. பின்வந்த வகைகளில் மரம் இல்லாவிடினும், சேறு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஓட்டுநர் இருக்கையின் கீழ் பெட்ரோல் தொட்டி அமரும் பள்ளம், கால் வைக்கும் தளம், பின்மூலைகள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகள் ஆகியவையே அடுத்துத் துரு தங்கும் இடங்கள். தளத்தில் நீர் வடிவதற்கான துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் பாடியே நீர்த்தொட்டியாகிவிடும்.

எஃகைத் துறந்தால் இத்தொல்லை தீருமா என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் 1948-இல் வெளிவந்த லாண்ட் ரோவர் வண்டிக்கு, போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டினால் அலுமினியக் கலவைத் தகட்டில் பாடி அமைத்தனர். அது எஃகைப்போல் துருப்பிடிக்கவில்லை. ஆயினும் அதன் அடிச்சட்டமும் முன்தடுப்பும் எஃகே. அவை துருவுக்கு இரையாயின. அன்றியும் எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அவ்விடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரிபடும். உலோகத்தை மாற்றினாலும் ஈரத்தின்மேல் கண்ணோட்டம் தேவை என்பதே இதன் பாடம்.

சுண்ணக்கட்டி தந்த தீர்ப்பு

பட்டறையின் டிங்கர் மேஸ்திரி முதலில் யாருடைய கட்சியையும் ஏற்கவில்லை. ஒரு சிறு சுத்தியலையும் சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் புகுந்தார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் கூரான கம்பியால் அழுத்தினார். கம்பி உள்ளே சென்ற இடமெல்லாம் வட்டமிட்டார். முன்பு ஒருவர் துருவின் மேலேயே பட்டி பூசி, அடியில் தாரும் தடவியிருந்தார். வெளியே பார்வைக்கு அழகு. உள்ளே ஈரம் சிறைப்பட்டு, இரும்பு இற்றுப்போயிருந்தது. பேரனின் கால் இறங்கியதும் அவ்விடத்தில்தான்.

அவர் அடுத்து ஆராய்ந்தது சேஸிஸை. அது முறிந்தோ அரித்தோ இருந்தால் பாடியைப் பற்றிப் பேசுவதே வீண். நல்லவேளையாக அது உறுதியாக இருந்தது. பிறகு எல்லோருமாக வட்டங்களைப் பார்த்தோம். தளமும் குறுக்குச் சட்டங்களும் முற்றும் வெண்கோடுகளாக இருந்தன. பக்கத் தகடுகளிலும் முகப்பிலும் கீழோரத்தில் மட்டுமே சில. “தளம் புதிது, பக்கம் பழையது, ஓரங்களில் ஒட்டு” என்றார் மேஸ்திரி. தாத்தாவும் பேரனும் மறுபேச்சின்றி ஒப்பினர். பக்கங்களும் தளமும் ஒருங்கே அரித்திருந்தால், ஒட்டுப்போடும் கூலி புதுப் பாடியின் விலையைத் தாண்டிவிடும். அப்போது பேரனின் யோசனையே சரியாகியிருக்கும்.

புதுப் பாடிக்கும் வழியில்லாமல் இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில், போருக்குப்பின் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி ஜீப்னி என்னும் பயணவண்டியாக்கிய கைத்திறன் வளர்ந்து, இன்று பழைய ஜீப்புகளுக்கான எஃகுப் பாடிகள் அங்கிருந்து பிற நாடுகளுக்கும் செல்லுகின்றன. நம் நாட்டில் ஹரியானாவின் மண்டி டப்வாலி, ஜீப் கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். எங்கு வாங்கினும் போல்ட்டுத் துளைகளும் அளவுகளும் தம் வண்டியின் வகையோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே பணம் தருதல் வேண்டும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. சேஸிஸ் எண் வண்டியின் உயிர்நிலை. அதை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆதலால் வடிவை மாற்ற எண்ணுவோர் முன்னதாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தல் நலம். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டு, பெரிய மாறுதலின்றி மூல வடிவில் உள்ள வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். ஆனால் அவ்வாறு பதிந்ததை வாணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ பயன்படுத்தலாகாது. மூட்டை சுமக்கவேண்டிய வண்டிக்கு அந்தப் பெருமை பொருந்தாது.

பழுது நீக்கும் முறை

வேலைக்குமுன் பாட்டரியையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றி அப்புறப்படுத்தினர். தொட்டி காலியாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது பெருந்தவறு. அதில் தங்கிய ஆவி ஒரு பொறியிலேயே வெடிக்கவல்லது. அடுத்து, தளத்தை வெட்டுமுன் இரு பக்கங்களையும் இணைத்து இரும்புக் கோணத்தால் தற்காலிகத் தாங்கு ஒன்று பற்றவைத்தனர். இன்றேல் தளம் நீங்கியதும் பக்கங்கள் விரிந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்துக் குறித்துக்கொண்டனர்.

வெட்டும் முறையை நம் நெசவாளர் எளிதில் உணர்வர். நைந்த துணியின்மேல் ஒட்டுத் தைத்தால், ஊசித் துளையே புதிய கிழிசலாகும். நல்ல இழை தென்படும் வரை நீக்கிவிட்டுத்தான் தைக்கவேண்டும். அதுபோல் பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தகட்டை வெட்டினர். பழைய தகட்டின் கனத்துக்கு ஒத்த தகட்டையே ஒட்டாக அமைத்தனர். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். எனவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, பிறகே இடைவெளிகளை நிரப்பினர். துத்தநாகம் பூசிய தகடாயின், பற்றவைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்குவது அவசியம். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தேய்ப்பவர் மூக்கையும் காத்துக்கொள்ளவேண்டும்.

முழுதும் பற்றவைக்குமுன் பாடியைச் சேஸிஸ்மேல் வைத்துத் துளைகள் நேர்படுகின்றனவா என்று சரிபார்த்தனர். இதைத் தவறவிட்டால் செய்த வேலை அனைத்தும் வீணாகும். பின்னர் எஞ்சிய துருவைத் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் பூசி, தகட்டு விளிம்புகளை நீர் புகாதபடி அடைத்து, கடைசியாக வர்ணம் அடித்தனர். குறுக்குச் சட்டங்களின் உட்புறத்தில் துளை வழியே துருத்தடுப்பு எண்ணெயும் பீய்ச்சப்பட்டது. வடிதுளைகள் திறந்தே விடப்பட்டன.

அடுத்த பறிப்புக்குள் வண்டி தோட்டம் திரும்பியது. நாம் மீண்டும் சென்றபோது முதற்சுமை ஏறிக்கொண்டிருந்தது. பேரன் தளத்தின் மேல் நின்று, முன்பு தன் கால் இறங்கிய இடத்திலேயே காலை ஊன்றி, மூட்டைகளை வாங்கி அடுக்கினான். மாலையில் சுமை இறக்கிவந்த பின், பெரியவர் வாளியில் நீரெடுத்துத் தளத்தைக் கழுவினார். ஒரு குச்சியால் வடிதுளைகளைக் குத்திவிட்டு, நீர் சொட்டி முடியும்வரை அருகிலேயே நின்றார். “இதை அப்போதே செய்திருந்தால் இவ்வளவு செலவில்லை” என்றார். அன்பர்களே, உங்கள் கொட்டகையிலும் ஒரு ஜீப் நிற்குமாயின், முதலில் ஒரு சுண்ணக்கட்டியுடன் அதன் அடியில் குனிந்து பாருங்கள். விலை பேசுவது பிறகு ஆகட்டும்.