தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பம்பு

சீனன்குடாவில் மாவு மூட்டையோ சீமெந்தோ ஏற்றிக்கொண்டு கந்தளாய், ஹபரணை வழியாகப் போகும் லொறிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும்: அவற்றில் பல, இப்போது ஓட்டும் சாரதி பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியவை. பழைய டாட்டா, லேலண்ட், இசுசு எல்ஃப், மிட்சுபிசி கன்டர். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் பொதுவாகத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த லொறியைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்களால்தான் திருகோணமலை மாவட்டத்துக்கு அரிசியும் மரக்கறியும் வந்து சேர்ந்தன. திறந்த பிறகும் புது லொறியின் விலை ஒரு லொறி வைத்துப் பிழைப்பவரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பழைய எஞ்சினை எப்படி நீண்ட நாள் நல்லபடியாக ஓட வைப்பது என்பது இங்கே சோற்றுப் பிரச்சினை.

அந்த எஞ்சின்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் முறைப்பாடுகள் சில. காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றினால்தான் பற்றுகிறது. சுமையோடு ஏற்றம் ஏறும்போது இழுவை செத்துப்போகிறது. ஃபில்டர் மாற்றிய பிறகு எயார் பிடித்து நடுவழியில் நிற்கிறது. உடனே பழி இன்ஜெக்டர் பம்பின் மேல் விழும். அதைக் கழற்றிப் பம்ப் வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனால் பெரிய தொகை போகும். பல வேளைகளில் குற்றவாளி அதுவல்ல. அதற்கு முன்னால் நிற்கும் சிறிய பம்பும், தாங்கியிலிருந்து அது வரை வரும் குழாயுமே காரணமாக இருக்கும்.

டீசல் எஞ்சினில் பம்பு இரண்டு. பெரியது, டீசலை நொசில் வழியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது. பழைய லொறி எஞ்சின்களில் நொசில் திறப்பதற்கே 200 பார் அளவில் அழுத்தம் வேண்டும். ருடோல்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் ஓடியபோது எரிபொருளை உள்ளே தள்ள அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கான கருவி லொறியில் வைக்க முடியாத அளவுக்குப் பெரியது. 1927இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் வரிசைப் பம்பைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் பரவலாகத் தெருவுக்கு இறங்கியது. டாட்டா 1954இல் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லொறி செய்யத் தொடங்கியபோது இந்த வம்சம் இந்தியாவுக்கு வந்தது; 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பின்னர் அந்தப் பம்புகளை அங்கேயே செய்தது. திருகோணமலையில் ஒரு பழைய டாட்டாவின் பொனற்றைத் தூக்கினால் மைக்கோ என்ற எழுத்தை இன்றும் பார்க்கலாம். அந்தப் பம்பின் உள்ளே தண்டும் உருளையும் ஒன்றோடொன்று மயிரிழையிலும் மிக மெல்லிய இடைவெளியில் உரசாமல் ஓடுகின்றன. அந்தத் தண்டுகளுக்கு எண்ணெயாக இருப்பது அதன் வழியே ஓடும் டீசலேதான். டீசல் குறைந்தால் எஞ்சின் திணறுவது மட்டுமில்லை, அந்தத் தண்டுகளும் தேய்கின்றன.

அந்தப் பெரிய பம்புக்குக் குறைவில்லாமல் டீசல் ஊட்டுவதுதான் சிறிய பம்பின் வேலை. ஃபீட் பம்ப் என்றும் லிஃப்ட் பம்ப் என்றும் சொல்வார்கள். டாட்டா, லேலண்ட் போன்ற வரிசைப் பம்பு எஞ்சின்களில் அது பெரிய பம்பின் விலாவிலேயே பூட்டியிருக்கும். இதன் அமைப்பு அழகானது. பெரிய பம்பின் கேம் உள்ளே இருக்கும் தண்டை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளுகிறது. திரும்பி வரும்போது தண்டைத் தள்ளுவது ஸ்பிரிங் மட்டும்தான். டீசல் முன்னே போவதும் தாங்கியிலிருந்து புதிது இழுபடுவதும் அந்த ஓட்டத்தில்தான். மேலே டீசல் நிறைந்து அழுத்தம் ஏறிவிட்டால் ஸ்பிரிங்கால் தண்டை முழுதாகத் தள்ள முடியாது. ஓட்டம் தானாகக் குறுகிவிடும். வயரும் இல்லை, வால்வை முறுக்கிச் சரிபார்க்கும் வேலையும் இல்லை, அழுத்தம் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. நன்றாக இருக்கும் ஃபீட் பம்பைக் கழற்றி எறிய எனக்கு மனம் வராது.

குறை அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தாங்கி சேஸியின் பக்கத்தில் தாழ்வாகத் தொங்குகிறது. பம்பு எஞ்சினோடு உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள குழாய் முழுவதும் உறிஞ்சும் குழாய். அதனுள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. ஊசித்துளை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. செப்பு வாசர் தேய்ந்த ஒரு மூட்டு, உப்புக் காற்றில் அரித்த ஒரு குழாய், வெடித்த ஒரு றப்பர் துண்டு, எதுவானாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஈரம் தெரியாததால் மெக்கானிக்கின் கண்ணுக்கும் பிடிபடாது. காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. பீய்ச்ச வேண்டிய தண்டு குமிழியை அமுக்கிக்கொண்டே இருக்கும், நொசில் திறக்காது. இரவில் நிறுத்தி வைத்தால் அதே ஓட்டை வழியாகக் காற்று ஏறி, குழாயிலிருந்த டீசல் தாங்கிக்கு இறங்கிவிடும். காலையில் நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில் ஃபீட் பம்பின் தண்டும் மெதுவாகத்தான் அசையும். அத்தனை நீளக் குழாயை அதால் எப்போது நிரப்ப முடியும்?

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் இது எல்லோருக்கும் அனுபவமானது. வரிசையில் நாள்கணக்கில் நின்று கிடைத்த சில லீற்றரோடு ஓடியபோது தாங்கிகள் அடிவரை வற்றின. அடியில் வருடக்கணக்கில் படிந்த துருவும் தண்ணீரும் ஃபில்டருக்கு ஏறின. டீசல் இல்லாதவர்கள் மண்ணெண்ணெய் கலந்தார்கள். அந்த ஓகஸ்ட் வரை அது லீற்றர் 87 ரூபாய், பிறகு ஒரே நாளில் 340. மண்ணெண்ணெய் டீசலை விட மெல்லியது, வழுக்கும் தன்மை குறைந்தது; தண்டுகள் தேய்வதற்கு அதுவும் ஒரு வழி. 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகளை மடியில் வைத்திருக்கும் இந்தத் துறைமுக ஊரில் லொறிகள் அப்படி வறண்டு நின்றதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மின்சாரப் பம்பு இந்த இடத்தில்தான் வருகிறது. அதன் பெரிய நன்மை மின்சாரம் என்பதில் இல்லை. எஞ்சினின் கேம் தேவைப்படாததால் அதைத் தாங்கிக்குப் பக்கத்திலேயே, டீசல் மட்டத்துக்குத் தாழ்வாக வைக்கலாம் என்பதில் இருக்கிறது. இழுக்கும் தூரம் ஒரு முழம். மிச்சக் குழாய் முழுவதும் தள்ளும் குழாய் ஆகிவிடும். இப்போது மூட்டில் ஓட்டை இருந்தால் காற்று நுழையாது, டீசல் கசியும், ஈரம் காட்டிக்கொடுக்கும். திறப்பைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பொறுத்தால், எஞ்சின் சுற்றுவதற்கு முன்பே குழாய் நிரம்பி, காற்று திரும்பும் குழாய் வழியாகத் தாங்கிக்குப் போய்விடும். ஃபில்டர் மாற்றிய பிறகு கைப்பம்பு அடிக்கும் பாடு பெருமளவு மிச்சம். நொசில் குழாய்களுக்குள்ளேயே காற்று போயிருந்தால் மட்டும் நட்டைத் தளர்த்தித்தான் வெளியேற்ற வேண்டும்.

இந்த இட விசயத்தை அமெரிக்க வாகனக்காரர்கள் பெரும் செலவில் கற்றுக்கொண்டார்கள். 1998 நடுவில் டொட்ஜ் ராம் பிக்கப்புகளில் 24 வால்வு கமின்ஸ் எஞ்சின் வந்தபோது, ஃபீட் பம்பை மின்சாரத்துக்கு மாற்றினார்கள்; ஆனால் அதை எஞ்சினின் பக்கத்திலேயே, தாங்கியிலிருந்து தூரத்தில் பொருத்தினார்கள். அதன் விபி44 என்ற பெரிய பம்பு டீசலாலேயே குளிர்ந்து டீசலாலேயே வழுக்குவது. மின்பம்பு நலிந்து ஊட்டம் குறைந்தபோது விலை கூடிய அந்தப் பம்புகள் வரிசையாகப் போயின. 2005 மாதிரியில் ஊட்டும் பம்பு தாங்கிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ஃபோர்ட்டின் 7.3 லீற்றர் டீசலில், 1994 முதல் 1997 வரை எஞ்சினின் நடுப் பள்ளத்தில் கேமால் ஓடும் பம்பு இருந்தது. 1999 மாதிரியில் நிறுவனமே சேஸியில் பூட்டிய மின்பம்புக்கு மாறியது. பழையதை வைத்திருப்பவர்கள் இன்றும் தங்கள் வண்டிகளை அப்படியே மாற்றிக்கொள்கிறார்கள்.

நம் லொறியில் செய்வதானால் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். வரிசைப் பம்புக்கு ஊட்டும் அழுத்தம் பொதுவாக ஒரு பார், கூடினால் ஒன்றரை. சுழல் பம்பு உள்ள சிறிய எஞ்சின்களுக்கு அதில் பாதியே போதும். அவற்றின் உள்ளேயே இன்னொரு ஊட்டும் பம்பு இருக்கிறது, அதன் அழுத்தம்தான் டீசல் பீய்ச்சும் நேரத்தை முன்பின் நகர்த்துகிறது. வெளியிலிருந்து அளவுக்கு மேல் தள்ளினால் அந்த நேரம் குழம்பும், தண்டின் சீலும் வெடிக்கும். ஆகவே பெற்றோல் கார்த் தாங்கியிலிருந்து கழற்றிய, மூன்று பாருக்கு மேல் தள்ளும் பம்பை மலிவு என்று வாங்கிப் பூட்ட வேண்டாம். டீசலுக்கென்று செய்த, அழுத்தம் எழுதியிருக்கும் பம்பை வாங்குங்கள். பெரிய பம்பின் வாசலில் ஒரு அழுத்தமானியும் பூட்டிவிடுங்கள்; ஃபில்டர் அடைபடும்போது அந்த முள் முதலில் சொல்லும். பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், பின்னால் பழைய ஃபில்டர். பாதி வெறுமையான தாங்கியின் உட்சுவரில் இரவுக் குளிரில் தண்ணீர் துளிர்க்கும் மாரிகாலத்தில் அந்தக் கிண்ணத்தை அடிக்கடி திறந்து வடிக்க வேண்டும்.

பழைய பம்பைக் கழற்றாமல் அதன் வழியாகவே மின்பம்பைத் தள்ள விடுவது பலருக்கு வசதியாகத் தோன்றும். இதில்தான் மிகப் பெரிய ஆபத்து. சில எஞ்சின்களில் ஃபீட் பம்பு எஞ்சின் உடம்பில் பூட்டிய றப்பர்த் தோல் வகை. அந்தத் தோல் கிழிந்திருந்தால் மின்பம்பு தள்ளும் டீசல் நேரே சம்புக்குள் இறங்கும், ஒயில் மெலியும், பெயாரிங் தேயும். சம்பு நிரம்பினால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு, திறப்பை மூடினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்படி ஓடும் எஞ்சினை நிறுத்தக் காற்று போகும் வாயை அடைப்பதே முக்கிய வழி. எனவே பழையதைக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டாலும் கஸ்கற்றாலும் மூடிவிடுங்கள். ஒயில்கம்பியில் மட்டம் ஏறியிருந்தாலோ டீசல் மணத்தாலோ மாற்றத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்துங்கள்.

வயர் வேலையில் கஞ்சத்தனம் கூடாது. இயந்திரப் பம்பு எஞ்சின் நின்றால் நிற்கும், மின்பம்பு நிற்காது. விபத்தில் குழாய் அறுந்தால் தாங்கி வெறுமையாகும் வரை டீசலைத் தெருவில் ஊற்றிக்கொண்டிருக்கும். ஆகவே றிலேயை ஒயில் அழுத்தச் சுவிட்ச் வழியாக இணைக்க வேண்டும்: எஞ்சின் நின்றால் ஒயில் அழுத்தம் போகும், பம்பும் நிற்கும். ஸ்டார்ட்டுக்கு முன் குழாயை நிரப்பத் தனியாக ஒரு அழுத்து பொத்தான். பியூஸ் பற்றறிக்குப் பக்கத்தில். 24 வோல்ட் லொறியில் ஒரு பற்றறியிலிருந்து மட்டும் 12 வோல்ட் பிரித்து எடுக்கும் வழக்கம் கெட்டது. ஒன்று வற்ற மற்றது கூடுதலாகச் சார்ஜ் ஏறி இரண்டும் கெடும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு முனையிலும் கிறீஸ் பூசுவது அவசியம். பச்சை பூத்த ஒரு முனை போதும், பம்பு பாதி வேகத்தில் ஓடி, பழைய முறைப்பாடே திரும்பும்.

இந்த மாற்றத்தால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டினி கிடந்த எஞ்சினுக்கு அதன் பழைய பலம் திரும்பும், அவ்வளவுதான். வழியில் மின்பம்பு செத்தால் லொறியும் நிற்கும்; பழைய இயந்திரப் பம்பைப் போல அதைச் சாரதி அங்கேயே பிரித்துத் திருத்த முடியாது. வாங்கும்போதே இரண்டாவது ஒன்றையும் ஒரு றிலேயையும் வாங்கி இருக்கைக்குக் கீழே வைப்பது கட்டாயம்.

காசைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபீட் பம்புக்குள் நுழையும் குழாயில் ஒரு சாண் கண்ணாடி போன்ற தெளிந்த குழாயைத் தற்காலிகமாகப் பூட்டி எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி ஓடினால் தாங்கி வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து, செப்பு வாசரையும் றப்பர்க் குழாயையும் மாற்றுங்கள். அதோடு குமிழி நின்று, காலையிலும் எஞ்சின் உடனே பற்றினால் மின்பம்பை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல ஃபில்டர்கள் வாங்கி வையுங்கள்.