மின்மினி செய்யும் துணை

ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் ஒரு கிளி; அக்கிளியினுள் அரக்கனின் உயிர். இக்கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நம்மில் பலர். அரசகுமாரன் வழியில் உறங்கிவிட்டால் நமக்குப் பதற்றம். ஆனால் பதறுவதற்கு மேல் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. கதை பாட்டியின் கையில் இருந்தது. அக்கதையே கேட்பவன் கைக்கு வந்துவிட்டால் எப்படி இருக்கும்? இவ்வினாவுக்கு விடை தரும் கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். "முதுகலை மாணவனுக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள், கட்டுரை முடியும்வரை பொறுத்தருள்க.

கணினி விளையாட்டுகளுள் 'வேடமேற்று ஆடுவது' என்று ஒரு வகை உண்டு. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் தாய் எனலாம். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் தம்மைக் கற்பனை செய்துகொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்துவர். பின்னர் கணினி அப்பகடையைத் தானே உருட்டத் தொடங்கிற்று. ஜப்பானில் 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்', 1987-இல் 'ஃபைனல் ஃபேன்டசி' ஆகியவை தோன்றின. அவ்வழி வந்ததே நான் கூறவிருக்கும் 'சைல்ட் ஆஃப் லைட்'. ஒளியின் குழந்தை என்பது பொருள்.

கனடாவின் மாண்ட்ரீல் நகரிலுள்ள யூபிசாஃப்ட் கூடம் இதனை 2014 ஏப்ரலில் வெளியிட்டது. இயக்கியவர் பேட்ரிக் ப்ளூர்ட். எழுதியவர் ஜெஃப்ரி யோஹாலெம். இசை அமைத்தவர் பாடகி பீயட்ரிஸ் மார்ட்டின். முதல் இருவரும் அதற்குமுன் 'ஃபார் க்ரை 3' என்னும் துப்பாக்கி விளையாட்டில் உழைத்தவர்கள் என்பது வியப்பன்றோ!

கதை 1895-இல் ஆஸ்திரியாவில் தொடங்குகிறது. கோமகன் ஒருவரின் மகள் அரோரா. ஓரிரவு உறங்கச் சென்றவளின் உடல் குளிர்ந்துவிடுகிறது. மகள் மாண்டாள் என்று எண்ணிய தந்தை படுத்த படுக்கையாகிறார். அவளோ வேறொரு நாட்டில் கண் விழிக்கிறாள். அங்கே கதிரவனையும் திங்களையும் விண்மீன்களையும் இருளின் அரசி கவர்ந்து சென்றிருக்கிறாள். அவற்றை மீட்க வேண்டும். வீடு திரும்ப வேண்டும்.

அந்நாட்டின் பெயர் லெமூரியா! பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நீங்களும் உட்காருவீர்கள். ஆயினும் குமரிக்கண்டத்தை இவ்விளையாட்டில் தேட வேண்டா. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த உயிரினங்களின் ஒற்றுமையை விளக்க, ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலார் 1864-இல் சூட்டிய பெயர் அது. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்டபின், கடலுள் மூழ்கிய கண்டம் அறிவியலுக்குத் தேவைப்படவில்லை. அறிவியல் கைவிட்ட நாட்டைக் கதை எடுத்துக்கொண்டது. நம்மவர் ஒரு வகையில் எடுத்துக்கொண்டனர். கனடியர் வேறொரு வகையில்.

இனி, ஆடுவது எப்படி என்று காண்போம். திரை முழுதும் நீரில் கரைத்த வண்ணம் போன்ற ஓவியம். சிறுமி தன் உயரத்துக்கு ஒவ்வாத வாளை ஏந்தி நடக்கிறாள். சிறிது தூரம் சென்றபின் சிறகு பெற்றுப் பறக்கிறாள். பகைவர் எதிர்ப்பட்டால் போர். திரையின் அடியில் ஒரு கோடு தோன்றும். நம்மவர் முகங்களும் பகைவர் முகங்களும் அக்கோட்டில் இடமிருந்து வலமாக நகரும். கோட்டின் பெரும்பகுதி காத்திருத்தல். கடைசிச் சிறு பகுதி செயலுக்கு ஆயத்தமாதல். அப்பகுதியின் வாயிலில் முகம் வந்தவுடன் காலம் நிற்கும். 'வாளை வீசு', 'மந்திரம் சொல்', 'தற்காத்துக்கொள்' என்று நாம் ஏவலாம். முகம் கோட்டின் முனையை எட்டும்போதுதான் செயல் நிகழும். அதற்குள் பகைவன் நம்மை அடித்துவிட்டால் செயல் முறியும். முகம் பின்னுக்குத் தள்ளப்படும். அவனுக்கும் இதே விதிதான். ஆகவே வலியவன் வெல்வதில்லை. காலம் அறிந்தவன் வெல்கிறான்.

இங்கேதான் மின்மினி வருகிறது. இக்னிக்குலஸ் என்பது அதன் பெயர். அரோராவின் தோழனாகிய அதனை இரண்டாவது ஆள் ஒருவர் இயக்கலாம். அது யாரையும் வெட்டாது, குத்தாது. பகைவன்மேல் நின்று ஒளிர்ந்தால் அவன் முகம் கோட்டில் மெல்ல நகரும்; நம்மவர்மேல் நின்று ஒளிர்ந்தால் காயம் சிறிது ஆறும். ஒளியோ அளவுடையது, ஓயாது ஒளிர்ந்தால் தீர்ந்துவிடும்.

நான் அரோராவாகவும், ஒடிசாவைச் சேர்ந்த என் அறைத்தோழர் மின்மினியாகவும் அமர்ந்தோம். "இந்தப் பூச்சிக்கு வேலையே இல்லையே" என்று அவர் முகம் சுளித்தார். முதல் பெரிய போரில் தொடக்கத்திலேயே ஒளியை எல்லாம் செலவிட்டார். நான் ஓங்கிய வாள் மூன்று முறை முறிந்தது, தோற்றோம், ஒருவரை ஒருவர் நொந்துகொண்டோம். மறுமுறை அவர் பொறுமையாக இருந்தார். என் முகம் முனையை எட்டுவதற்குச் சற்றுமுன், பகைவனை ஒரு நொடி மட்டும் தாமதப்படுத்தினார். வாள் வீழ்ந்தது, வென்றோம். எங்களுக்குள் இருப்பது அரைகுறை இந்தி. அவ்விரவில் அதுவும் தேவைப்படவில்லை.

கதைமாந்தர் பேச்செல்லாம் ஆங்கிலக் கதைப்பாட்டு வடிவில் அமைந்தது. நான்கடியில் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஈற்றில் ஒலி ஒத்து முடியும். நம் இலக்கணத்தில் இதனை இயைபு என்போம். ரூபெல்லா என்னும் கோமாளிப் பெண் மட்டும் இயைபைத் தவறவிட்டு, அதே பொருளுடைய வேறு சொல்லைச் சொல்வாள், மற்றவர் திருத்துவர். இது நல்ல நகைச்சுவை. ஆயினும் இயைபுக்காகவே இழுத்துவந்த சொற்களும் பல உண்டு. அவ்விடங்களில் கதையின் ஓட்டம் தடைப்படுகிறது. குறையைக் குறை என்று கூறத்தானே வேண்டும்?

என்னை வருத்தியது பிறிதொன்று. அரோராவுக்கு வேண்டுவது தந்தையிடம் திரும்புவது ஒன்றே. வழியிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு துன்பம். உடன்பிறந்தவனைத் தேடுகிறாள் கோமாளி. காக்கைகளாகிவிட்ட தம் ஊராரை மீட்க வேண்டும் என்கிறான் சிறிய மந்திரவாதி. உதவாமல் செல்ல முடியுமா? உதவுகிறாள். இடையில் வண்ண மணிகளும் கிடைக்கின்றன. ஒரே வகையில் மூன்றைச் சேர்த்தால் உயர்ந்த மணி ஒன்றாகும். நானும் வாரக்கணக்கில் மணி சேர்த்தேன். திடீரென ஓரிரவு நினைவு வந்தது: கோமகன் இன்னும் படுக்கையில் கிடக்கிறார்! தாமதம் அவளுடையது அன்று. பொத்தானை அழுத்திய என்னுடையது. பாட்டியின் கதையில் அரசகுமாரன் உறங்கினான். இங்கே உறங்கியவன் நான். ஆய்வுக்கூடத்தைக் காரணம் காட்டி இரண்டு வாரமாக வீட்டுக்குப் பேசாதிருந்ததும் உடன் நினைவுக்கு வந்தது. அப்போதே அழைத்தேன். "சாப்பிட்டாயா?" என்றார் அப்பா. வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்ட கதை பிறர் தவற்றைக் காட்டும். ஆடிய கதை நம் தவற்றைக் காட்டும். விளையாட்டு எதற்கு என்ற வினாவுக்கு என் விடை இதுவே. தேர்வு முடிந்ததும் வேற்று மொழி பேசும் தோழர் ஒருவருடன் அமர்ந்து ஆடிப் பாருங்கள். வாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் முறை நீங்கள் மின்மினியாக இருங்கள்.