பருவம் மாறும்போது

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பைவாசிகளாகிய நாம் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கு வானத்தை நோக்கத் தொடங்குகிறோம். இரண்டாம் வாரத்தில் இறங்கும் மழை புரட்டாசி வரையில் நம்மை விடுவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கு வந்து சேர்ந்த நம் முன்னோர்க்கு இது பெரும் வியப்பாக இருந்திருக்கும். அங்கே ஐப்பசியும் கார்த்திகையுமல்லவோ மழைக்காலம்! ஊரில் குளம் நிரம்பும் நாளில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவியில் குடியேறியவர்கள் இதனைப் புத்தகம் படித்துக் கற்கவில்லை. ஒழுகும் கூரையே அவர்களுக்குக் கற்பித்தது.

வானத்தின் பருவத்துக்குக் குடையேனும் உண்டு. வாழ்க்கையின் பருவம் மாறும்போதுதான் மனிதன் தடுமாறிப் போகிறான்.

நம்முடன் பணியாற்றிய பெரியவர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். மத்திய அரசு ஊழியர்க்கு 1998ஆம் ஆண்டு முதல் 60 வயது வரை பணி உண்டு. அந்த அறுபதும் ஒரு மாதக் கடைசியில் வந்து முடிந்தது. மாலை அணிவித்தோம்; இனிப்பு வழங்கினோம். மறுநாட்காலை, வழக்கமான வண்டியில், வழக்கமான பெட்டியில் ஏறி அலுவலக வாசல் வரையில் வந்துவிட்டார்! கால்கள் பழகிவிட்டன என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போகலாமென்றால் அங்கே வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கேயே இருக்கலாமென்றால், பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாம் அவரை அணுகிப் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தை நினைவூட்டினோம். பிறப்பில் தொடங்கிச் சமாதானத்தில் முடியும் 14 இணைகள், ஆக 28 காலங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன என்றும், அவற்றில் ஒன்றையும் கர்த்தர் வீணாக வைக்கவில்லை என்றும் சற்று நீளமாகவே பேசிவிட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "தம்பி, உமக்கு முப்பத்தைந்து வயது. நடுகிற காலத்தில் நின்றுகொண்டு, பிடுங்குகிற காலத்தைப் பற்றி எனக்குச் சொல்லுகிறீர்" என்றார்.

நமக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆயினும் அவர் கூறியது நியாயமே. அதே நியாயத்தை அவருக்கு வெகு காலம் முன்னரே, அவருடைய சொந்தச் சீமையிலேயே, ஓர் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார்.

1867ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். பின்னர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. கோவில்களுக்கு ஒப்புவிக்கப்படவிருந்த சிறுமிகளுக்கும், ஆதரவற்ற குழந்தைகளுக்கும் 1901 முதல் டோனாவூரில் அடைக்கலம் தந்தார். பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெருகினர். அத்தனைக்கும் தாயாக ஓடியாடி உழைத்தவர், 1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகத்துக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்க்கச் சென்றார். மாலை மங்கலில் அங்கே வெட்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது.

எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பினர், ஜெபித்தனர். பழைய நடை திரும்பவில்லை. 1951 ஜனவரி 18 அன்று மரிக்கும் வரையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே அவர் காலம் கழிந்தது. 1948இல் அந்த அறையிலேயே மறுபடியும் விழுந்தார்.

இதனைக் கூறுவோர் பலரும், அம்மையார் புன்னகையோடு படுத்திருந்தார் என்று முடித்துவிடுவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. 1933இல் வெளியான 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் அவருடைய நூல், நோயாளிக்கு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நலமாயிருப்பவர்கள் எழுதியனுப்பும் ஆறுதல், படுக்கையில் கிடப்பவரின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதைத் தாமே அனுபவித்தபின் எழுதியது அது. வலியை வரமென்று அவர் பூசி மெழுகவில்லை. சிறையிலிருந்தபடி பிலிப்பியர்க்கு நிருபம் எழுதிய பவுலைப் போல, இருந்த இடத்தில் இயன்ற வேலையைத் தேடிக்கொண்டார். டோனாவூரின் கதையைக் கூறும் 'கோல்ட் கார்ட்' 1932இல் வந்தது. மேலும் பல நூல்கள் வந்தன. பிள்ளைகளுக்கும் உடனூழியர்க்கும் கடிதங்கள் எழுதினார். தாம் சுமந்த பொறுப்புகளைப் பிறர் கையில் ஒப்படைத்தார். ஓடியாடியவர்க்கு, எழுதுவதைக் காட்டிலும் இதுவே கடினமாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் அங்கே வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை அதில் பொறித்தார்கள்.

நிற்க. அடுத்த வாரம் மாட்டுங்காவில் பெரியவரைக் கண்டோம். இம்முறை அதிகாரம் எதையும் எடுக்கவில்லை. வண்டியில் அவர் பக்கத்தில் அமர்ந்து களக்காட்டுச் செய்தியை மட்டும் சொன்னோம். குடையின் கைப்பிடியைப் பார்த்தவாறே கேட்டார்.

"விழுந்தபோது அந்த அம்மாளுக்கு என்ன வயது?"

"அறுபத்து மூன்று, அண்ணாச்சி."

"என்னைவிட மூன்று வயது மூத்தவர்" என்றார். சயான் வந்தது. மழை சற்று ஓய்ந்திருந்தது. குடையை விரிக்காமலேயே இறங்கித் தாராவிப் பக்கம் நடந்தார்.