'கிளெய்ம் ரிஜெக்ட்' ஆனால் என்ன செய்வது?

நள்ளிரவில் நெஞ்சுவலி. எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். அது அரசின் காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று அந்த நேரத்தில் யார் செல்போனில் தேடுவார்கள்? ஸ்டென்ட் வைத்து, நகையை அடகு வைத்துப் பில் கட்டி, ஆள் பிழைத்து வீடு வந்த பிறகு ஓய்வூதியர் மனுப் போடுகிறார். ஒரே வரியில் பதில் வருகிறது: பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்பதால் நிராகரிக்கப்படுகிறது. பலர் அந்தக் கடிதத்தைப் பென்ஷன் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவேண்டியதில்லை.

இந்தக் காப்பீடு யாரும் தூக்கிக் கொடுத்த சலுகை இல்லை. தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்காக 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதாமாதம் 497 ரூபாய் பென்ஷனிலிருந்து பிடித்தம். நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு 10 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும் என்பது ஏற்பாடு.

நிராகரிப்புக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் இந்தப் பட்டியல்தான். உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரல் 13 அன்று சிவகாந்த் ஜா வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர், இதயத்தில் கருவி பொருத்திய செலவைக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, ஆவணங்கள் அதை உறுதிசெய்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பணத்தை மறுக்கக்கூடாது என்றது தீர்ப்பு. மத்திய அரசுத் திட்டம் பற்றிய வழக்குதான். ஆனாலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் தமிழக ஓய்வூதியர்களின் வழக்குகளில் இதே தீர்ப்பு திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுகிறது.

நேராக நீதிமன்றம் போக வேண்டாம். முதலில் மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையிலான குழு. அதற்கு மேல் மாநில அளவிலான குழு. மனுவில் ஆதங்கத்தை எழுதிப் பயனில்லை, காகிதம்தான் பேசும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'அவசர நிலையில் சேர்க்கப்பட்டார்' என்ற வாசகமும், சேர்த்த தேதியும் நேரமும் அதில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் அதே மருத்துவரிடம் சான்று வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில், ரசீதுகளின் அசலைக் கொடுப்பதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மனுவை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இதைவிடச் சிக்கலானது வாய்மொழி மறுப்பு. "உங்க கார்டுல வராதுங்க" என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாயால் சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மனு எங்கே முடங்கியது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். பல கோப்புகள் இந்த 10 ரூபாய்க்குப் பிறகுதான் நகர்கின்றன என்பது என் எண்ணம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பிரச்சினை வேறு மாதிரி: ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டிருக்கும், அல்லது காப்பீடு இருந்தும் மருத்துவமனை கூடுதல் பணம் கேட்கும். இதற்குக் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. அங்கே தீராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.

குழுக்கள் கைவிரித்து, வழக்குத்தான் என்றாகிவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அங்கு வக்கீல் இலவசம்.