சிரப் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள்

கிளிசரினையும் டைஎத்திலீன் கிளைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிறம் கிடையாது, பிசுபிசுக்கும், நாக்கில் இனிக்கும். முதலாவது இருமல் சிரப்பில் சேர்க்கத் தக்கது. மற்றது பிரேக் ஆயில் போன்றவற்றுக்கு உரியது. குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தை முடக்கிவிடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பின் ஒரு பேட்சில் இந்த நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததை 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். அதற்குள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சாகத் தொடங்கியிருந்தார்கள். பலி இருபதைத் தாண்டியது.

கண்ணும் நாக்கும் ஏமாறுகிற இந்த இடத்தில் கைகொடுப்பது வாயு குரோமடோகிராபி. சிரப்பைக் கரைப்பானில் கலந்து, ஒரு துளிக்கும் குறைவாக எடுத்துச் சூடான அறைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். ஆவியானதை ஒரு வாயு தள்ளிக்கொண்டு போக, அது சுருட்டி வைத்த மெல்லிய குழாய்க்குள் ஓடும். குழாயின் நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். உட்சுவரில் உள்ள பூச்சில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு அளவில் ஒட்டி ஒட்டி நகரும். திருவிழாவில் வளையல் கடை, பொம்மைக் கடை என்று நின்று நின்று வருபவர் பிந்துவார், நேராக நடப்பவர் முந்துவார் அல்லவா, அப்படி. தூய டைஎத்திலீன் கிளைக்காலைத் தனியே ஓட்டியபோது எந்த நிமிடத்தில் திரையில் முகடு எழுந்ததோ, அதே நிமிடத்தில் சிரப்பிலும் எழுந்தால் ஆள் அகப்பட்டார். எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை முகட்டின் பரப்பு சொல்லிவிடும்.

இந்த முறை 1950களிலேயே வந்துவிட்டது. ஆகவே அறிவியல் போதவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1986இல் மும்பையில், 2022இல் காம்பியாவில் மீண்டும் வந்தது. காம்பியாவுக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்கு 2023 ஜூன் 1 முதல் அரசு ஆய்வகச் சான்று கட்டாயமானது. நம் தெருமுனைக் கடைக்கு வரும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் அப்போது விதிக்கப்படவில்லை. எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இது.

சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்றுவலி வந்து, சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள். சளிக்கான குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது. கோல்ட்ரிஃப்பில் இருந்ததும் அந்தக் கலவைதான்.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று: 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம்; கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். சந்தேகம் என்றால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. கலப்பட மருந்தால் உயிர் போனால் 27ஆவது பிரிவின்படி குறைந்தது 10 ஆண்டுச் சிறை, குறைந்தது 10 லட்சம் அபராதம். அந்த அபராதம் இறந்தவரின் குடும்பத்துக்குத்தான் சேர வேண்டும். இழப்பீடு கேட்டு இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், வக்கீல் இல்லாமலேயே.

இவை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது பில். “சின்ன மருந்துதானே, பில் எதுக்குங்க?” என்று கடைக்காரர் இழுத்தாலும், பேட்ச் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.